வளர்பிறைக்குக் காத்திருந்த கட்டுரை

அந்தப் பத்து நாட்களை நினைத்தால் இன்றைக்கும் குமட்டிக்கொண்டுதான் வருகிறது.

விண்மீன் திரள்களை ஆராய்வது என் தொழில். கண்டியில் உட்கார்ந்துகொண்டு எந்த வானத்தைப் பார்க்கிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பல்கலைக்கழகத்தில் எங்கள் அறை ஜன்னலைத் திறந்தால் பாதி நாள் ஹந்தானை மலையே தெரியாது, பனிமூட்டம். ஆனால் என் வேலைக்கு இங்கத்தைய வானம் தேவையில்லை. வெளிநாட்டுப் பெரிய தொலைநோக்கிகள் எடுத்த படங்களை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டிருக்கிறார்கள். அதை இறக்கி, ஒவ்வொரு திரளிலும் புது நட்சத்திரங்கள் பிறக்கின்றனவா, நின்றுவிட்டதா என்று அளக்க வேண்டும். படம் இலவசம். பார்க்கிறவளின் கண்ணும் இலவசம்தான்.

நான்கு வருடம் அளந்தேன். ஹேவாஹெட்ட பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, அந்த அறையின் கால் ஆடும் கதிரையில் உட்கார்ந்து அளந்தேன். கடைசியில் ஒன்று பிடிபட்டது. சிறிய திரள்கள் பெரிய கூட்டங்களை நோக்கி இழுபடும்போது, அங்கே போய்ச் சேருவதற்கு வெகு முன்பே அவற்றில் நட்சத்திரப் பிறப்பு நின்றுவிடுகிறது. வாயு இருக்கிறது, ஆனால் குளிரவில்லை. குளிராத வாயு நட்சத்திரமாகாது. ஏன் குளிரவில்லை என்பதற்கும் என்னிடம் ஒரு விடை இருந்தது. அது தெரிந்த அன்று மதியம் சாப்பிடவே மறந்துபோனேன்.

தற்காலிக விரிவுரையாளராக இருந்த எனக்கு அந்தக் கட்டுரை வந்தால்தான் நிரந்தர வேலைக்கு வாய்ப்பு. எங்கள் தொழிலில் கட்டுரையை யார் முதலில் இணையத்தில் ஏற்றுகிறார்களோ அவர்களுக்குத்தான் கண்டுபிடிப்பு சொந்தம். ஒருநாள் பிந்தினாலும் பிந்தியதுதான். இதே விஷயத்தில் வெளிநாட்டில் இன்னொரு குழு வேலை செய்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை எல்லாம் தயாராகிவிட்டது. எனக்கு மேலே இருந்த பேராசிரியரின் சம்மதம் மட்டும்தான் பாக்கி. யாழ்ப்பாணத்துக்காரர், கணக்கில் புலி. சனிக்கோளின் வளையங்களைப் பற்றி அவர் எடுக்கும் பாடத்துக்கு வேறு துறைப் பிள்ளைகளும் வந்து உட்காருவார்கள்.

"சேர், இன்னைக்கே அனுப்பிடலாங்களா?" என்று கேட்டேன்.

அவர் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தார். "இண்டைக்கு வேண்டாம் பிள்ளை. எனக்குச் சந்திராஷ்டமம். புதன் வரைக்கும் இருக்கு."

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சந்திரன் அவருடைய ராசிக்கு எட்டாமிடத்தில் நிற்கிறதாம். சந்திரனின் பாதையைக் கரும்பலகையில் சமன்பாடாக எழுதிக் காட்டும் அதே மனிதர்!

வியாழன் அஷ்டமி. வெள்ளி நவமி. சனிக்கிழமை போய்க் கேட்டால், "இப்ப தேய்பிறை. புதுக் காரியம் தொடங்கக்கூடாது. அமாவாசை கழியட்டும், அவசரப்படாதேயும்" என்றார். உலகமெங்கும் தொலைநோக்கிக்காரர்கள் நிலா தேயட்டும், வானம் இருளட்டும் என்று காத்திருப்பார்கள். நாங்கள் மட்டும் நிலா வளரட்டும் என்று காத்திருந்தோம். காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. என் வாயிலோ கொழுக்கட்டை. என் வேலை வருடாவருடம் நீடிப்பது அவருடைய கையெழுத்தில்தானே.

நானே அனுப்பியிருக்கலாம். கட்டுரை ஏற்றும் தளத்தில் கணக்கு என் பெயரில்தான் இருந்தது. சம்மதிக்க வேண்டியவர்கள் எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள் என்ற கட்டத்தில் ஒரு சரி போட்டு, பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். ஞாயிறு மத்தியானம் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணிநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு மூடிவிட்டு உடுப்புத் துவைக்கப் போனேன்.

அமாவாசைக்கு முந்தின நாள் காலையில் மற்றக் குழுவின் கட்டுரை வந்துவிட்டது. சிறிய திரள்கள், குளிராத வாயு, அதே காரணம். அவர்களுடைய மூன்றாவது வரைபடத்தை என்னுடையதின் மேல் வைத்தால் கோட்டுக்குக் கோடு பொருந்தும். கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு, கட்டுரையை அச்செடுத்து அவர் மேசையில் வைத்தேன்.

அவர் நிதானமாகப் படித்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கே என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"பாத்தீரோ பிள்ளை, எனக்கு நடக்கிற அட்டமத்துச் சனி எண்டா சும்மாவோ? போன கிழமை அனுப்பியிருந்தா இதவிட மோசமாப் போயிருக்கும்."

அதற்குமேல் என்ன மோசம் என்று கேட்க வாய் வரை வந்தது. "ஆமாங்க சேர்" என்றேன்.

இரண்டு மாதம் உட்கார்ந்து கட்டுரையைத் திருத்தினேன். 'நாம் காட்டுகிறோம்' என்றிருந்த இடமெல்லாம் 'முந்தைய ஆய்வை உறுதிசெய்கிறோம்' என்று மாறியது. என் நான்கு வருடத்தை நானே வழித்தெடுத்து அடுத்தவர் தட்டில் வைத்தேன். கடைசிப் பக்கத்தில், பேராசிரியரின் மதிப்புமிக்க வழிகாட்டலுக்கு நன்றி என்றும் எழுதினேன். அந்த வரியை யாரும் எழுதச் சொல்லவில்லை.

அனுப்ப வேண்டிய வாரம் அவர் கொழும்பில் கூட்டமொன்றில் இருந்தார். தொலைபேசியில் பேசினார். "நாட்காட்டி கையில இல்லைப் பிள்ளை. இந்தமுறை நீரே நல்ல நேரமாப் பாத்துச் சொல்லும்."

வாய்க்கு வந்த ஒரு நேரத்தை அடித்துவிட்டிருக்கலாம். நேரமெல்லாம் பார்க்கத் தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். நானோ இணையத்தில் பஞ்சாங்கத்தைத் திறந்தேன். அஷ்டமி, நவமி தள்ளினேன். அவருடைய ராசியைக் கேட்டு, சந்திராஷ்டமமும் தள்ளினேன். ராகு காலம், எமகண்டம், குளிகை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். திரள்களை அளக்கும்போது இருந்த அதே கவனம், ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை.

"வியாழக்கிழமை பத்தரைக்கு மேல நல்லாருக்குங்க சேர்" என்றேன்.

அவராவது அதை நம்புகிறவர்.