அல்லிக் காயின் சுருள் தண்டு

எங்கள் கல்லூரிக் கண்காட்சிக்கு நூறு வருடத்துக்கும் மேல் பழைய அல்லிக்கொடி ஓவியம் ஒன்று கிடைத்தது. அதில் பூவின் தண்டு நேராக இருந்தது. காயின் தண்டை மட்டும் ஸ்பிரிங் மாதிரி சுருட்டி வரைந்திருந்தார், பெயர் தெரியாத ஓவியர். தாவரவியல் ஆசிரியை ஆயிற்றே நான்! "இது ஓவியரின் பிழை" என்று அட்டையில் எழுதி அதன் கீழே மாட்டிவிட்டேன்.

மாட்டியதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. கண்காட்சி அன்று விடிந்ததும் ஸ்கூட்டரில் சாணார்பட்டிப் பக்கம் ஒரு குளத்துக்குப் போனேன். இடுப்பளவு தண்ணீரில் ஒரு பெண் அல்லி பறித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, பூ இம்புட்டு இருக்கே, காயையே காணோமே?"

"மேல பாத்தா எப்படித் தெரியும்மா? பூ வாடுனதும் தண்டு சுருண்டு காயை உள்ள இழுத்துக்கிரும்."

தண்ணீருக்குள் கையை விட்டு ஒன்றைப் பிடுங்கி நீட்டினார். ஓவியத்தில் இருந்த அதே சுருள்.

வண்டியை விரட்டிக்கொண்டு திண்டுக்கல்லில் எங்கள் கல்லூரிக்கு வந்தேன். அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லார் முன்னாலும் அட்டையைக் கழற்றி, "பிழை என்னுடையது" என்றேன்.

அந்த ஓவியர் குளத்தில் இறங்கிப் பார்த்துத்தான் வரைந்திருக்கிறார். கரைக்குக்கூடப் போகாமல் நான் அவரைத் திருத்தினேன். இப்போதெல்லாம் யார் எழுதியதையும் தப்பு என்று சுழிக்கும் முன் என் கை ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறது.