ஓடைக்கரையில் இருபது முளை

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதினால் என் வயிற்றெரிச்சல் ஊருக்கே தெரிந்துவிடும். தெரியட்டும். அவனுக்கே தெரிந்த பிறகு ஊருக்குத் தெரிந்தால் என்ன?

அரியூருக்கு மேற்கே செம்மண் மேட்டை மழைத்தண்ணீர் அரித்து, ஆள் ஆழத்துக்கு ஓடையாக்கியிருந்தது. அந்த மண்ணெல்லாம் போய் ஏரியில் படிகிறது, எவ்வளவு என்று அளக்க வேண்டும் என்று புதுச்சேரியிலிருந்து ஒரு துரை வந்தார். கரையில் இருபது இரும்பு முளைகளை அடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு சாண் வெளியே விட்டார். மண் கரையக் கரைய முளை நீளமாகத் தெரியும். திங்கட்கிழமைதோறும் அதை அளந்து நோட்டில் எழுத வேண்டும்.

அந்த வேலை என் கூட்டாளிக்குப் போனது. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சுதான் நாங்கள். மூன்றாவதோடு நான் விட்டுவிட்டேன், அவன் விடவில்லை. எனக்குக் கிடைத்தது முளையைச் சுற்றி முள் வெட்டுகிற வேலை.

துரை அவனுக்கு ஒரு மஞ்சள் மடக்குக் கோல் கொடுத்தார். மடக்கினால் ஒரு சாண், விரித்தால் ஒரு மீட்டர். பக்கத்துக் கொல்லையில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பிடுங்க வந்த பெண்கள் அதை விரித்துக் காட்டச் சொல்லிக் கேட்பார்கள். அவனும் டக் டக் என்று ஒவ்வொரு மடிப்பாக விரிப்பான். என் அரிவாளைக் காட்டச் சொல்லி ஒருத்தியும் கேட்கவில்லை.

"இன்னா தொர, என் மூக்க அளந்து சொல்லேன்" என்று சீண்டினேன். அவன் நிஜமாகவே அளந்து நோட்டில் எழுதிக்கொண்டான். பெண்கள் சிரித்தார்கள். அதுவும் அவன் பக்கம்.

மாதக் கடைசியில் துரை நோட்டைப் பார்ப்பார், அளவு தப்பாயிருந்தால் ஆளை மாற்றிவிடுவார் என்று பேச்சு. மாற்ற ஆள் என்னை விட்டால் யார்? மாதக் கடைசிக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் எல்லோரும் கூழ் குடிக்கப் போனபோது, கருங்கல்லால் இருபது முளையையும் இரண்டு விரற்கடை உள்ளே இறக்கினேன். மண் கரையவில்லை, வளர்கிறது என்று அவன் எழுதட்டும், கோல் என் கைக்கு வரட்டும்.

திங்கட்கிழமை அவன் குனிந்து குனிந்து அளந்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் துரை வந்து நோட்டைப் புரட்டினார், அவன் முதுகில் தட்டினார், போய்விட்டார். வேலையும் கோலும் அவனுக்கே.

எனக்குப் பொறுக்கவில்லை. முளையெல்லாம் உள்ளே போயிருந்ததே, எப்படிச் சரியாக எழுதினாய் என்று வாய்விட்டுக் கேட்டேவிட்டேன். அவன் கோலை மடக்கிக்கொண்டே சொன்னான்:

"மழையே பேயாத வாரமா பாத்து அடிச்சியே, மண்ணு எப்டி நவுரும்? நீ எறக்கினது எவ்ளோன்னு அளந்து கணக்குல கூட்டிக்கினேன்டா."