அடையாள அட்டையில் ஒரு கறுப்பு மீசை

அப்பாவின் அடையாள அட்டைப் படத்தில் அவருடைய தலைமுடியும் மீசையும் நல்ல கறுப்பு. அந்தக் கறுப்பு அவருடையது அல்ல.

மலாயாவில் அவசரகாலம் தொடங்கி, எல்லாருக்கும் அட்டை என்று அரசாங்கம் அறிவித்தபோது, மெர்லிமாவுக்கு உள்ளே இருக்கும் எங்கள் ரப்பர் தோட்டத்துக்குப் படம் பிடிக்கிறவர் வந்தார். ஆபீசுக்கு முன்னால் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, ஒவ்வொருவராக நாற்காலியில் உட்கார வைத்துப் பிடித்தார். அதற்கு முந்தின நாள் தொழிலாளர் லயத்து ஆண்கள் எல்லாரும் முடிவெட்டுகிறவர் வீட்டு வாசலில் வரிசையாக நின்றார்கள். அப்பாவுக்கு இள வயதிலேயே நரை விழுந்துவிட்டது. பக்கத்து வீட்டு மாமா அவரைப் பார்த்துச் சொன்னார்:

"இந்த மண்டையோட போயி உக்காந்தீன்னா கவர்மெண்டே உன்னயக் கிழவன்னு எழுதிக்கிரும்லா. அப்புறம் கங்காணி கத்தியப் புடுங்கிக்கிட்டுப் புல்லு வெட்ட அனுப்பிருவாரு."

மாமா சிரிப்பதற்காகச் சொன்னார். அப்பா சிரிக்கவில்லை. எங்கள் தோட்டத்தில் பாலுக்காக மரத்தைக் கீறி வெட்டுகிறவருக்கும் புல் வெட்டுகிறவருக்கும் நடுவில் இருந்த தூரம் கூலியில் மட்டும் இருக்கவில்லை. முடிவெட்டுகிறவர் சீன மருந்துக்கடையில் வாங்கி வைத்திருந்த ஒரு பொட்டலத் தூளை, ரப்பர் பால் பிடிக்கும் மங்கு ஒன்றில் கரைத்து, அப்பாவுக்கும் இன்னும் சிலருக்கும் பூசிவிட்டார். படத்தில் அப்பா தன்னுடைய தம்பியைப் போல இருக்கிறார்.

மற்றவர்களுக்கு அது அன்றோடு முடிந்தது. அப்பாவுக்கு அன்றுதான் தொடங்கியது. சில காலத்தில் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி வந்தது. வேலிக்கு ஒரு கேட், கேட்டில் துப்பாக்கியோடு மலாய்க் காவலர்கள். காலையில் வேலைக்குப் போகிற எல்லாரும் அட்டையைக் காட்ட வேண்டும். காட்டுக்குள் இருக்கிற, பெரும்பாலும் சீனர்களான கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் அரிசி கொண்டு போகிறார்களா என்று சோதனையும் நடக்கும். பெண்களைத் தனியாக ஒரு தட்டிக்குப் பின்னால் அழைத்துப் போய்த் தலைத்துண்டு வரை அவிழ்த்துப் பார்ப்பார்கள். அடுத்த தோட்டத்தில் ஒருவர் வேண்டுதலுக்காகத் தாடி வளர்த்திருந்தார். படத்தில் தாடி இல்லை என்று அவரைக் கேட்டிலேயே நிறுத்தி வைத்தார்களாம். எவ்வளவு நேரம் என்பது கதை சொல்கிறவரைப் பொறுத்து மாறியது. அப்பா கேட்ட கதையில் அவரை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆகவே அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். அட்டையில் இருப்பது எந்த ஆளோ, கேட்டில் நிற்பதும் அதே ஆளாக இருக்க வேண்டும். படத்துக்கு வயதாகாது. அப்பாவுக்கும் வயதாகக் கூடாது என்றாயிற்று. முடியின் அடியில் வெள்ளை தெரிந்த உடனே, ஞாயிற்றுக்கிழமை பகலில், வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து அம்மாவிடம் தலையைக் கொடுப்பார். அம்மா கோழி இறகால் பூசிவிடுவார். இது யாருக்கும் தெரியாது என்று இருவரும் நம்பினார்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். ஆங்கிலம் வாசிப்பேன், எழுதுவேன். மலாக்கா டவுனில் ஒரு மருந்துக்கடையில் எனக்கு வேலை கிடைத்தது. வாரநாட்களில் டவுனில் தங்குவேன். சனிக்கிழமை மாலை பஸ் பிடித்து வீட்டுக்கு வருவேன். மருந்து பாட்டில்களின் மேல் இருக்கும் சிறிய எழுத்துகளை வாசித்து விளக்குவது என் வேலையில் ஒரு பகுதி. அதை நான் நன்றாகவே செய்தேன்.

ஒரு சனிக்கிழமை வந்தபோது அப்பாவின் காதுகளுக்குப் பின்னால் தோல் சிவந்து, செதில் செதிலாக உரிந்திருந்தது. கேட்டதற்கு, "கொசுக்கடி" என்றார். அடுத்த முறை கழுத்திலும் இருந்தது. அப்போது அது கம்பளிப்பூச்சி ஆகியிருந்தது.

"அப்பா, இது நீங்க பூசுற மைதான்."

"வருஷக் கணக்காப் பூசுறேன். இத்தன நாள் கடிக்காதது இப்பத்தான் கடிக்குதா? போம்மா."

கடை முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர், மருந்து படித்தவர். அவரிடம் கேட்டேன்.

"உங்கட அப்பா பூசுறது பொட்டலத் தூளோ?" என்றார். "இவ்வளவு நாளும் ஒண்டும் செய்யேல்லை எண்டு நம்பி இருக்கக் கூடாது பிள்ளை. சில பேருக்கு உடம்பு கன காலம் பொறுத்திருக்கும். ஒருநாள் வேண்டாம் எண்டு சொல்லும். சொல்லத் தொடங்கினா, பிறகு ஒவ்வொரு முறையும் கூடக் கூடத்தான் சொல்லும்."

கடையில் இருந்த மற்றச் சாயங்களை அதற்குப் பிறகு நான் கவனித்துப் பார்த்தேன். ஒன்று, அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும் பாட்டில். குலுக்கித் தினமும் தடவினால் முடி மெல்ல மெல்லக் கறுக்கும். நாற்றம் இருக்கும், எரிச்சல் இருக்காது. ஆனால் அதில் இருப்பது ஈயம். மீசையில் தடவினால் வாய்க்குள் போகும். அப்பாவின் விரல்களிலோ எப்போதும் கத்தி பட்ட காயம் இருக்கும். இன்னொன்று, மெழுகோடு கரி கலந்த கட்டி. தோலை ஒன்றும் செய்யாது. ஆனால் மரம் வெட்டுகிறவருக்கு வியர்க்காமல் இருக்காது. வியர்த்தால் அது நெற்றியில் வழியும். மூன்றாவது மருதாணி. அநேகமாகத் தீங்கு இல்லாதது அதுதான். பசாரில் "கறுப்பு மருதாணி" என்று ஒன்று விற்றார்கள். முதலாளி அதை முகர்ந்து பார்த்துவிட்டு, பேர்தான் மருதாணி, உள்ளே இருப்பது அதே பொட்டலத் தூள் என்றார். அசல் மருதாணி எவ்வளவு நேரம் வைத்தாலும் கறுக்காது, நரையின் மேல் செம்மஞ்சளாகத்தான் பிடிக்கும்.

நான் அசல் மருதாணியைத் தேர்ந்தெடுத்தேன். அதற்கு என்னிடம் காரணம் இருந்தது. அட்டையில் இருப்பது கறுப்பு வெள்ளைப் படம். அப்படிப் பிடித்தால் சிவப்பும் கறுப்பாகத்தான் விழும். ஆகவே படத்துக்கும் ஆளுக்கும் பேதம் இல்லை. இதை அப்பாவிடம் சொன்னேன்.

"போலீஸ்காரன் கண்ணும் கறுப்பு வெள்ளையாவா பாக்குது?" என்றார்.

இருந்தாலும் படித்த மகள் சொல்கிறாள் என்று தலையைக் காட்டினார். மீசை பழுத்த பாக்கு நிறத்துக்கு வந்தது. திங்கட்கிழமை காலை நான் டவுன் பஸ்ஸுக்காக அவரோடு கேட்டுக்கு நடந்தேன். விளக்கு வெளிச்சத்தில் அப்பாவைப் பார்த்ததும், தினமும் அட்டை பார்க்கும் காவலர் நெஞ்சில் கை வைத்து, "பாக் ஹாஜி!" என்று வணக்கம் சொன்னார். மெக்கா போய் வந்த மலாய்ப் பெரியவர்கள் தாடிக்கு மருதாணி பூசுவார்கள். வரிசைக்கு அது போதுமானதாக இருந்தது.

"ஹாஜியார் வந்துட்டாருலா, வழி விடுங்க!"

"அண்ணே, மெக்காவுக்கு எந்த பஸ்ஸு? மெர்லிமாவுல ஏறணுமா?"

காவலர் அட்டையைத் திருப்பிக் கொடுத்து அவரை வெளியே விட்டார் என்பதை அப்பா கவனிக்கவே இல்லை. நான் கவனித்தேன். பேதம் இல்லை என்று நான் சொன்னது சரிதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் தோழி ஒருத்தியைப் பார்க்கப் போய்விட்டுத் திரும்பியபோது, பின்வாசலில் அந்த மங்கு கிடந்தது. அப்பா துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மருதாணியின் மேலேயே பொட்டலத் தூளைப் பூசியாயிற்று. தலை, மீசை, இந்த முறை புருவங்களும். புருவத்திலும் இரண்டொரு நரை வந்திருந்ததாம்.

பொட்டலத்தை எடுத்துப் பார்த்தேன். சீன எழுத்துகளுக்குக் கீழே சிறியதாக ஆங்கிலமும் இருந்தது. புருவத்துக்கும் இமைக்கும் கூடாது என்றும், முதலில் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்து இரண்டு நாள் பார்க்க வேண்டும் என்றும் போட்டிருந்தது. வாசித்துக் காட்டினேன்.

"ரெண்டு நாள் காதக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தா என் மரத்த யாரு வெட்டுறது?" என்றார் அப்பா.

அம்மா இறகைக் கழுவிக்கொண்டே, "இனிமே வாசிச்சு என்ன பண்றது? பூசியாச்சு" என்றார். தண்ணீர் ஊற்றி அலசச் சொன்னேன். அலசினார்கள். பொட்டலத்தை என் பையில் போட்டுக்கொண்டேன்.

விடிவதற்குள் அப்பாவின் முகம் மாறிவிட்டது. இமைகள் இரண்டும் வீங்கி ஒரு கோடாகியிருந்தன. நெற்றி புடைத்து, காதுகளின் ஓரத்தில் நீர் வடிந்தது. வேலைக்குப் போக வேண்டாம் என்றேன். சொல்லாமல் வேலைக்குப் போகாவிட்டால் அவருடைய மரங்களை இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றார். எங்கள் வீட்டுக் கண்ணாடி சிறியது. அதில் பார்க்கவும் அவருக்குக் கண் திறக்கவில்லை. அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வந்தார்.

காவலர் விளக்கைத் தூக்கிப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். மறுபடியும் முகத்தைப் பார்த்தார்.

"இனி சியாப்பா?" என்றார். இது யார் என்று கேட்கிறார்.

அப்பா தன் பெயரைச் சொன்னார். உதடும் தடித்திருந்ததால் பெயர் சரியாக வரவில்லை.

"புக்கான்," என்று காவலர் தலையை ஆட்டினார். இல்லை, இது வேறு ஆள். துப்பாக்கி தோளிலிருந்து கைக்கு வந்தது. அடுத்தவர் அட்டையோடு வருவது அந்த நாட்களில் சிறிய விஷயம் அல்ல.

வரிசையில் இருந்தவர்கள் ஆளாளுக்குக் கத்தினார்கள். "அண்ணந்தான்லா அது!" "சட்டையப் பாரு, அதே சட்ட!" பக்கத்து வீட்டு மாமா முன்னால் வந்து, மலாய் மரியாதையோடு, "துவான், நம்ம ஹாஜி! ஹாஜி!" என்றார். காவலர் நகரவில்லை.

நான் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனேன். சீன எழுத்தைப் பார்த்ததும் அவருடைய முகம் இன்னும் இறுகியது. மலாயில் நிதானமாகச் சொன்னேன்: இது முடிக்குப் பூசும் சாயம், இவர் என் தகப்பன், இதைப் பூசியதால் முகம் வீங்கிவிட்டது, படத்தில் இருப்பது போலவே இருக்க வேண்டும் என்றுதான் பூசினார். கடைசி வாக்கியத்தை அவர் இரண்டாம் முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். பொட்டலத்தை முகர்ந்தார். துப்பாக்கி தோளுக்குத் திரும்பியது. ஆனாலும் அந்த முகத்தோடு கேட்டைத் தாண்ட முடியாது, முகம் திரும்பியதும் வரட்டும் என்று சொல்லிவிட்டார்.

திரும்பி நடக்கும்போது அப்பா முதலில் பேசியது வலியைப் பற்றி அல்ல. "எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே," என்றார்.

மாமா பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "எப்ப தெரியாம இருந்துச்சு? உன் தலகாணி உறையக் கொடியில காயப்போடுறப்பவே தெரியும்லா!"

தோட்டத்து டிரஸ்ஸர் ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, மை பட்ட முடியை எடுத்துவிடச் சொன்னார். இனி அந்தத் தூளைத் தொட்டால் மூச்சும் அடைக்கலாம் என்றார். அன்று நான் வேலைக்குப் போகவில்லை. முழுவதும் மழித்துவிடலாம், மீசையையும் சேர்த்து, என்று நான் சொன்னேன்.

"அட்டையில மொட்ட யாரு இருக்கா?" என்று அப்பா படுத்தபடியே கேட்டார்.

அதற்குப் பதில் அம்மாவிடம் இருந்தது. கண் திறந்தால் முடி கொடுப்பதாக மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாயிற்று என்றார்.

"யாரு முடிய?" என்று கேட்டேன்.

"அவரு முடியத்தான். எம்முடிய எதுக்குக் குடுக்கணும்? நானா மை பூசுனேன்?"

அப்பாவுக்குப் பூசிவிட்டது அம்மாதான்.

வீக்கம் வடிந்ததும் கோயிலில் மொட்டை அடித்து, சந்தனம் பூசி, அப்பா கேட்டுக்குப் போனார். நானும் பின்னால் நின்றேன். அட்டையில் அடர்ந்த முடி. எதிரே ஒரு முடிகூட இல்லாத சந்தன மண்டை. எந்தக் கணக்கிலும் இரண்டும் சேராது. காவலர் பார்த்தார். தைப்பூசத்துக்கு டவுனில் இப்படி எத்தனையோ தலைகளைப் பார்த்திருப்பார். "செம்பாஹ்யாங்?" என்று கேட்டார். சாமிக்கா என்று அர்த்தம். அப்பா தலையாட்டினார். அட்டை திரும்பி வந்தது.

அதன் பிறகு முடி வெள்ளையாகவே வளர்ந்தது. ஒரே நாளில் அல்ல, தினமும் கொஞ்சம், அதே காவலரின் கண் முன்னாலேயே. அவர் ஒன்றும் கேட்கவில்லை. மரங்களும் அப்பாவிடமே இருந்தன. கங்காணியின் தலையே அதற்குள் பாதி நரைத்திருந்தது. அந்த மங்கின் கறை போகவில்லை. அம்மா அதைக் கோழிகளுக்குத் தண்ணீர் வைக்க எடுத்துக்கொண்டார்.

சென்ற மாதம் அந்தக் காவலரை மாற்றிவிட்டுப் புதியவர் ஒருவரைப் போட்டார்கள். முந்தின நாளே அப்பா அட்டையை எடுத்துக் கண்ணாடியோடு வைத்துப் பார்த்தார். முடி எப்படி வெளுத்தது என்பதைப் பார்க்காத கண். டவுனில் வேறு ஏதாவது புதிய மை வந்திருக்கிறதா என்று என்னைக் கேட்டார். வந்திருந்தது. இல்லை என்று சொன்னேன்.

காலையில் புதிய காவலர், சின்னப் பையனைப் போல இருந்தார், அட்டையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "சுடா துவா, பாக்," என்று சொல்லி அட்டையை நீட்டினார். வயதாகிவிட்டது, பெரியவரே.

அப்பா கேட்டைத் தாண்டிவிட்டார். ஆனால் ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். "யாரப் பாத்துச் சொல்றான் 'துவா'ன்னு? நேத்து மொளச்ச பய!"