கேட்டைப் பார்த்த மாவுக் கால்கள்

என் மகள் ஒன்றரை வயதை நெருங்கியும் நடக்கவில்லை. எங்கள் பிளாக் முழுவதற்கும் இது தெரியும். நெய்வேலி குவார்ட்டர்ஸில் குழம்பு தீய்ந்தாலே நாலு வீட்டுக்குத் தெரிந்துவிடும், குழந்தை நடக்காதது தெரியாதா?

மாடி வீட்டு அக்காவுக்குக் குள்ளஞ்சாவடிப் பக்கம். நல்ல மனசு, வாய்தான் கொஞ்சம் நீளம். கடைக்குப் போகும்போதெல்லாம் எங்கள் வாசலில் நின்று, "ஏம்மா, இன்னும் தவழ்ந்துகினுதான் கீறாளா? எங்க வூட்டுல பத்து மாசத்துலயே ஓடிச்சி" என்பார். என் கணவரோ, "நடப்பா, விடு" என்று சொல்லிவிட்டு மைன்ஸுக்கு பஸ் ஏறிவிடுவார். டாக்டரும் அதையேதான் சொன்னார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பண்ருட்டியில் வாங்கிய நடைவண்டியைப் பார்த்தாலே ஆத்திரமாக வரும். மகாராணி அதைக் குப்புறக் கவிழ்த்துப் போட்டு, சக்கரத்தைச் சுற்றி விளையாடுவாள்.

மற்றபடி கைவேலை என்றால் அவளுக்கு உயிர். சரி, எனக்கு உயிர். அவள் பாவம், மாட்டிக்கொண்டாள். பொங்கலுக்கு அவள் உள்ளங்கையை மஞ்சள் கரைசலில் முக்கி, பழைய வேட்டியில் பதித்தேன். பலா சீசனில் பலா இலைகளை ஈர்க்குச்சியால் தைத்துக் கிரீடம் செய்தால், தலையில் வைக்காமல் தின்னப் பார்த்தாள். ஆடியில் வெண்டைக்காயை நறுக்கி, பீட்ரூட் சாற்றில் தொட்டுக் காகிதத்தில் பூ பூவாக அச்சுப் போட்டோம். காகிதத்தைவிட என் நைட்டியில்தான் பூ அதிகம். எல்லாமே உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலைகள்.

ஆவணியில் கிருஷ்ண ஜெயந்தி வந்தது. கை முஷ்டியை அரிசி மாவுக் கரைசலில் தோய்த்துப் பதித்து, மேலே விரல் நுனியால் ஐந்து புள்ளி வைத்தால் கண்ணன் கால் ஆகிவிடும். கேட்டிலிருந்து பூஜை அலமாரி வரை கண்ணன் நடந்து வந்ததாக ஐதீகம். வீட்டில் நிஜமாகவே இரண்டு குட்டிக் கால்கள் இருக்கும்போது முஷ்டி எதற்கு? நடக்காத கால்கள்தான். இருந்தால் என்ன?

சாயங்காலம் தாம்பாளத்தில் மாவைக் கரைத்தேன். அவளை அக்குளில் பிடித்துத் தூக்கி, காலை முக்கி முக்கிக் கேட்டிலிருந்து பதித்துக்கொண்டு வந்தேன். கூச்சம் தாங்காமல் கெக்கெக்கே என்று சிரித்தாள். மாடிப்படியில் உட்கார்ந்து அக்கா மேற்பார்வை.

"வெரலு உள்ள பாத்துகினு இருக்கணும்மா. வெளிய பாத்தா சாமி வூட்ட வுட்டுப் போவுதுன்னு அர்த்தம்."

பாதி வழியில் என் இடுப்பு விட்டுப் போயிற்று. அவளைச் சுவரைப் பிடித்து நிற்கவைத்துவிட்டு, தாம்பாளத்தை நகர்த்தக் குனிந்தேன்.

தெருமுனையில் ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்தது. அவள் அப்பா வரும் பஸ். நான் நிமிர்வதற்குள் சுவரை விட்டுவிட்டாள். ஒரு கால் வைத்தாள். ஆடினாள். இன்னொரு கால். விழவில்லை! செல்போன் உள்ளே சார்ஜில் கிடந்தது, கிடக்கட்டும். நான் வரிசையாகப் பதித்த கால்களின் பக்கத்திலேயே அவள் தானாக வைத்த கால்கள், கோணல்மாணலாக, கேட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன.

"ஐயையோ, வெளிய போவுதே!" அக்கா ஈரத்துணியோடு இறங்கி ஓடிவந்தார், அழிப்பதற்கு.

"அக்கா, அதுல மட்டும் கை வச்சீங்க, அவ்ளோதான்!" நான் கத்தியது பக்கத்து பிளாக்குக்குக் கேட்டிருக்கும்.

கேட்டைத் திறந்த என் கணவர், பார்த்தவுடன் சாப்பாட்டுப் பையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் போய் அவர் மேல் விழுந்தாள். சட்டையெல்லாம் மாவு. மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவளைக் கட்டிக்கொண்டார். அக்கா துணியைப் பிடித்தபடி நின்றார்.

"சாமி போயிடுச்சேம்மா. இப்ப எப்பிடி உள்ள வரும்?"

அக்காவின் கவலை நிஜம். நான் தாம்பாளத்தைக் கேட்டருகே இழுத்துப் போய்க் கணவர் முன் வைத்தேன். "பூட்ஸைக் கழட்டுங்க. கால அதுல வைங்க."

மகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தாம்பாளத்துக்கும் தரைக்குமாகக் காலை மாற்றி மாற்றிப் பதித்து அவர் உள்ளே வந்தார்.

"எம்மாம் பெரிய கண்ணன்!" என்று அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பூஜையில் பாதிக்கு மேல் எதுவும் காதில் விழவில்லை. அப்பா இடுப்பில் இருந்த மகள் அலறிக்கொண்டே காலை உதைத்தாள். பசியோ என்று முறுக்கை நீட்டினால் தட்டிவிட்டாள். தரையைக் காட்டிக் காட்டி அழுதாள். இறக்கிவிட வேண்டுமாம்.