பீலித் தண்ணீரும் இருநூற்றெண்பது மரங்களும்

கொழும்பு ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்துவிட்டு ரப்பர்த் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குத் திரும்பி வந்தபோது என் முகம் பூசணிக்காய் மாதிரி உருண்டு போயிருந்தது. தெஹியோவிட்டவிலிருந்து த்ரீவீலில் வந்து இறங்கினேன். ஒரு பக்கம் கணவர், மறுபக்கம் கம்பு. லயத்துச் சனம் முழுவதும் வாசலில் நின்று பார்த்தது.

"கொழும்புத் தண்ணி ஒத்துக்கிருச்சி போல. நல்லா சதை போட்டுருக்கா" என்றாள் ஒருத்தி.

எனக்குச் சுள்ளென்று வந்தது. "ஆமா, விருந்துக்குத்தானே போயிருந்தேன். ஒங்களுக்கும் வேணும்னா நாலு ஊசி மிச்சம் இருக்கு, போட்டுக்கிறீங்களா?" என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். கணவர் என் முழங்கையைக் கிள்ளினார். வாய்க்கு மட்டும் ஒரு வியாதியும் வரவில்லை என்பது அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

வியாதியின் பெயர் மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ். அந்தப் பெயரைச் சரியாகச் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது. முதலில் வலது கண் மங்கியது. பிறகு கால் மரத்துப்போனது. ஒரு நாள் ரப்பர் மலையில் பால் நிறைந்த வாளியோடு குப்புற விழுந்தேன். வாளிப் பால் முழுவதும் புல்லில் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள். முகம் ஊதியது அந்த மருந்தால்தான். அது போதாமல், இரத்தத்தை வெளியே எடுத்து, அதிலுள்ள நீரை மட்டும் பிரித்து மாற்றி, திரும்ப உள்ளே விடும் மெஷினில் ஐந்து தடவை படுக்க வைத்தார்கள். என் உடம்பே என் நரம்புகளின் மேலுறையை அரிக்கிறது என்று டாக்டர் விளக்கினார். பட்டை காயப்பட்ட மரம் என்று நான் புரிந்துகொண்டேன். காயப்பட்ட பட்டை திரும்ப வளரும், ஆனால் முண்டும் முடிச்சுமாக வளரும். அது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

நான் பால்வெட்டுக்காரி. என் பேரில் இருநூற்றெண்பது மரங்கள் இருந்தன. அவை எல்லாவற்றுக்கும் முதல் வெட்டு வைத்தவள் நான்தான். எந்த மரம் முதலில் பால் விடும், எது சோம்பேறி, எது மழைக்குப் பிறகு அழுதுகொண்டே இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் விழுந்த அன்றே கங்காணி வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டார்.

"மூணு மாசம் பாப்பேன் புள்ள. அதுக்குள்ள வந்து வெட்டிக் காட்டினா மரம் ஒனக்கு. இல்லேன்னா வேற ஆளுக்கு எழுதிருவேன். என்னயத் தப்பா நெனைக்காத."

அதுவரைக்கும் என் மரங்களை வெட்டக் கீழ்க் கிராமத்துச் சிங்கள அக்கா ஒருத்தியைப் போட்டிருந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போது நான் வியாதியை நினைத்து அழுததைவிட அவளை நினைத்துத்தான் அதிகமாக அழுதேன். கத்தியைப் பிடித்து எத்தனை வருஷம் ஆகியிருக்கும் அவளுக்கு? என் மரத்தைக் கொத்திக் குதறியிருப்பாள். கணவர் வரும்போதெல்லாம் அதையேதான் கேட்டேன். "நான் போயிப் பாக்கல. நீ மொதல்ல எந்திரிச்சி நட" என்பார் மனிதர்.

நடப்பதற்குத்தான் வீட்டில் ஒரு ஏற்பாடு நடந்தது. அதைச் செய்தது என் மாமியார். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்களுக்கு நொச்சியும் எலுமிச்சை இலையும் போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீரைத் தலைக்கு ஊற்றி, போர்வை போர்த்தி உட்காரவைத்தால்தான் வியாதி முழுதாக இறங்கும் என்பது எங்கள் லயத்து வழக்கம். பிள்ளை பெற்றவளுக்கும் அதுதான், மலேரியாக்காரனுக்கும் அதுதான். டாக்டர் கணவரிடம், வெயிலில் நிற்க விடாதீர்கள், உடம்பு சூடேறக் கூடாது என்று தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார். வெயிலைத்தான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். வெந்நீர் நல்லதாயிற்றே, அதில் என்ன சூடு இருக்கப்போகிறது?

மாமியார் முதல் நாள் ஊற்றினார். முதல் நாலு குவளை சுகமாகத்தான் இருந்தது. ஐந்தாவதில் கால் இரண்டும் காணாமல் போயின. கண்ணில் வெள்ளைத் துணியைக் கட்டியது மாதிரி ஆகிவிட்டது. என்னைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கவைத்தார்கள். மாமியார் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார்.

"வாசல்ல நின்னு பாத்தாளே ஒருத்தி, அவ கண்ணுதான்" என்றார்.

சாயங்காலம் கொஞ்சம் தேறினேன். மறுநாள், முந்தின நாள் சூடு பத்தவில்லை என்று முடிவு கட்டி இன்னும் கொதிக்கவிட்டு ஊற்றினார். மறுபடியும் விழுந்தேன். மூன்றாம் நாள் அதைவிடச் சூடு. நாங்கள் எல்லோரும் வியாதி திரும்பி வந்துவிட்டதென்றே நம்பினோம். கணவர் அடுப்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து அழுதார். எனக்கு மரமெல்லாம் போய்விட்டது என்று தோன்றியது. உயிர் போவதைப் பற்றி ஏனோ நினைக்கவில்லை.

நாலாம் நாள் காலையில் மாமியார் அண்டாவை அடுப்பில் ஏற்றும் சத்தம் கேட்டதும் என் பொறுமை போய்விட்டது. அவர் இலை பறிக்கப் போன நேரம் பார்த்து, கம்பை ஊன்றிக்கொண்டு, பாதி தூரம் உட்கார்ந்தே நகர்ந்து பீலிக்குப் போய்விட்டேன். மலையிலிருந்து இறங்கும் ஊற்றுத் தண்ணீரைத் தகரத்தில் வாங்கி விழவைத்திருக்கும் இடம் அது. எங்கள் லயத்துப் பெண்கள் குளிப்பதும் துவைப்பதும் அங்கேதான். உடுத்திய துணியோடு அதன் அடியில் உட்கார்ந்தேன். குளிர் எலும்புக்குள் போயிற்று. பல்லெல்லாம் கிடுகிடுவென்று அடித்தது. செத்தாலும் குளிர்ந்துபோய்ச் சாகலாம், வெந்துபோய்ச் சாக மாட்டேன் என்று வாய்விட்டே சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் கல்லின் மேல் யாரோ விட்டுப்போயிருந்த சவர்க்காரக் கட்டியில் எழுத்துத் தெரிந்தது. வலது கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். அப்போதும் தெரிந்தது. கால் விரலை அசைத்தேன். அசைந்தது. மெதுவாக எழுந்து நின்றேன். அந்த நேரத்தில்தான் மாமியார் கையில் நொச்சி இலையோடு ஓடி வந்தார்.

"அடிப்பாவி, ஜன்னி கண்டு செத்துப் போவடி. எறங்கி வா" என்று கத்தினார்.

"நான் நிக்கிறேன் அத்தே. நல்லாப் பாருங்க, நிக்கிறேன்" என்றேன்.

அவர் பார்த்தார். கையிலிருந்த இலையைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். டாக்டர் சொன்ன சூடு எந்தச் சூடு என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. அவர் இலையைத் தண்ணீரில் விட்டுவிட்டு, ஈரக் கல்லிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"நாந்தான் ஒன்னய மூணு நாளும் வேகவச்சேனா?" என்றார்.

அப்போது வாயை அடக்கிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அப்படி அடக்கியது அபூர்வம்.

அதற்குப் பிறகு அவர் தொல்லை வேறு மாதிரி ஆயிற்று. அடுப்படிப் பக்கம் நான் தலை காட்டக்கூடாது. பத்து மணிக்கு மேல் வாசல் தாண்டக்கூடாது. தேத்தண்ணீரைக்கூட ஆறவைத்து, ஆடை கட்டின பிறகுதான் தருவார். "சூடா ஒரு வாய் குடிச்சா என்ன அத்தே?" என்று கெஞ்சுவேன். "ஒரு தடவ வேகவச்சது போதும்" என்பார். காலையும் சாயங்காலமும் அவரே என்னைப் பீலிக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். லயத்தில் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்கு நாங்கள் மாமியாரும் மருமகளும் சேர்ந்தே பதில் கொடுத்தோம்.

கால் மெல்ல மெல்லத் தேறியது. கைதான் நடுங்கியது. பால்வெட்டில் பட்டையை நூல் மாதிரி மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது, கூடினால் மரம் காயப்படும். எதில் பழகுவது? வீட்டுக்குப் பின்னால் மஞ்ஞோக்கா என்கிற மரவள்ளி நின்றது. அந்தக் கிழங்கின் மண்நிறத் தோலை மட்டும் பால்வெட்டுக் கத்தியால் சீவி எடுக்க வேண்டும், அடியிலுள்ள ரோஸ் தோலில் கத்தி படக்கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். முதல் வாரம் கிழங்கே பாதியாய்ப் போயிற்று. மாமியார் ஒவ்வொரு சீவலையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இது காயம். இதுவும் காயம். இது பரவால்ல" என்று பிரித்து வைப்பார். அவர் வாழ்நாளில் பால்வெட்டுக் கத்தியைத் தொட்டதில்லை, புல்லு வெட்டுத்தான் அவர் வேலை. ஆனாலும் கங்காணியைவிடக் கறாராக இருந்தார்.

கணவர் ஒரு மாதம் மூன்று வேளையும் மஞ்ஞோக்கா சாப்பிட்டார்.

"இன்னைக்குமா?" என்று ஒரு நாள் சட்டியைத் திறந்து பார்த்துக் கேட்டார்.

"என் கை நடுங்கறது நின்னா சோறு. அதுவரைக்கும் இதுதான்" என்றேன். மனிதர் தேங்காய்ச் சம்பலைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

மூன்று மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போதுதான், பால்வெட்ட விடாமல் பெய்துகொண்டிருந்த மழை விட்டது. நான் வெட்டிக் காட்டுகிறேன் என்று கங்காணிக்குச் சொல்லியனுப்பினேன். விடியும் நேரத்தில் மலைக்குப் போனோம். நான், தலையில் ஒரு வாளி பீலித் தண்ணீரோடு மாமியார், சந்தேகத்தோடு கங்காணி. அந்தச் சிங்கள அக்காவும் வந்திருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மரத்தைத்தான் பார்த்தேன், குறை கண்டுபிடிக்க.

முதல் மரத்தில் வெட்டின் மேல் காய்ந்து ஒட்டியிருந்த ஒட்டுப்பாலை உரித்தேன். விரலால் வெட்டைத் தடவிப் பார்த்தேன். ஒரு காயம் இல்லை. அடுத்த மரத்துக்குப் போனேன். அதிலும் இல்லை. மாதா மாதம் வெட்டு எதுவரைக்கும் இறங்கலாம் என்று கங்காணி மரத்தில் ஒரு கோடு போட்டு வைப்பார். என் மரங்களில் வெட்டு அந்தக் கோட்டுக்கு இரண்டு விரல் மேலேயே நின்றது. நானே அப்படி வெட்டியதில்லை. அவ்வளவு மெல்லிசாகச் சீவ இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும்.

"ஏன் இப்படி வெட்டினீங்க அக்கே?" என்று கேட்டேன்.

"ஒங்க மரம்தானே நங்கி" என்றாள் அவள், தங்கச்சி என்பதைத் தன் பாஷையிலும் மற்றதைத் தனக்குத் தெரிந்த தமிழிலும். "நான் சும்மா பாத்துக்கிட்டுத்தானே. பட்டை முடிச்சிட்டா, நீங்க வந்து எதை வெட்டுறது?"

மூன்று மாதமாக நான் அவளைத் திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்தது. வெட்கத்தில் காதெல்லாம் சூடாகிவிட்டது. நல்லவேளையாக அந்தச் சூடு காலை ஒன்றும் செய்யவில்லை. கத்தியை மரத்தில் வைத்து இழுத்தேன். பட்டை சுருண்டு விழுந்தது. வெட்டு வழியாகப் பால் இறங்கிச் சிரட்டையில் சொட்டியது.

நூற்றைம்பது மரம் வெட்டினேன். வெயில் இலைக்குள் இறங்கியதும் வலது கால் இழுக்கத் தொடங்கியது. அடுத்த மரத்துக்கு அடி எடுத்து வைத்தபோது கண்ணும் மங்கியது. நான் சொல்லவில்லை. மாமியார் பார்த்துவிட்டார். ஒரு வார்த்தை கேட்காமல் வாளித் தண்ணீரைக் கங்காணி முன்னாலேயே என் தலையில் கவிழ்த்தார். நான் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கங்காணி வெட்டிய மரங்களைத் திரும்பிப் போய் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். வந்து, "நூத்தம்பதுல ரெண்டு காயம். ஒன்னும் மோசமில்ல. ஆனா புள்ள, இருநூத்தெண்பது ஒன்னால முடியாது" என்றார்.

முடியும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த அக்கா என் பக்கத்தில் வந்து நின்று அவரிடம் சொன்னாள்.

"விடியக் காலம் இவங்க வெட்டட்டும். வெயில் வந்தா மிச்சத்த நான் வெட்டுறேன், பாலும் நான் எடுக்குறேன். மரத்த மட்டும் இவங்க பேர்ல எழுதுங்க, ஐயா."

கங்காணி புத்தகத்தைத் திறந்தார். நான் ஈரத் தலையோடு அழுதேன். தண்ணீர் சொட்டுவதால் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். மாமியார் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, காலி வாளியைத் தூக்கிக்கொண்டு இன்னொரு வாளி தண்ணீர் எடுக்கப் பீலிக்கு இறங்கிப் போனார்.