துடைத்தாலும் போகாத மினுமினுப்பு

இன்று காலேஜில் இங்கிலீஷ் வாத்தியார் 'ஷீன்' என்ற சொல்லைப் போர்டில் எழுதி, ஆளுக்கொரு உதாரணம் கேட்டார். பட்டு, நிலா என்றார்கள் பையன்கள். நான் எழுந்து, "மடவை மீன், சார்" என்றேன். வகுப்பே சிரித்தது. சிரிக்கட்டுமே! அவர்கள் யாரும் பழவேற்காட்டில் பிறக்கவில்லை.

சின்ன வயசில் ஒருநாள், அக்காவைப் பார்க்க ஆரணியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. ஏற்கெனவே ஒரு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. மீன்காரி கன்னியம்மா வாசலில் மடவைக் கூடையை இறக்கி, "காத்தால புடிச்சது பீபிம்மா, எப்டி மின்னுது பாரு" என்றாள். உம்மா ஒரு மீனை முந்தானையால் துடைத்தாள். பளபளப்பு மொத்தமும் துணியோடு போய்விட்டது.

"தண்ணி தெளிச்சிக்கினு வந்து யார்கிட்டடி காட்ற? இன்னிக்கி எம் பொண்ணு வாழ்க்கையே இந்தக் கொழம்புலதான் கீது."

கன்னியம்மா சிரித்துக்கொண்டே கூடையின் அடியிலிருந்து வேறு மீன்களை எடுத்தாள். "எம் மருமவனுக்கு வெச்சிருந்தேன். எடுத்துக்கோ, உன் மருமவன் துன்னட்டும்."

உம்மா துடைத்தாள். தோலுக்குள்ளிருந்து வருவதுபோல் மெல்லிய மினுமினுப்பு அப்படியே நின்றது. ஷீன் என்றால் அதுதான்.

மத்தியானம் மாப்பிள்ளையின் தாயார் முள்ளெடுத்துச் சாப்பிட்டார். உம்மா குழம்புக் கரண்டியோடு பக்கத்திலேயே நின்றாள். கடைசியில் அவர் தட்டை நீட்டினார்.

"இன்னொரு துண்டு வைங்க, சம்பந்தி."