விளக்கேற்றி வைத்த சிவப்புப் புத்தகம்

நெல் அவியும்போது அண்டாவிலிருந்து எழும் ஆவிக்கு ஒரு வாசனை உண்டு. பாதி சோறு, பாதி ஈரச் சாக்கு. அது எங்கேனும் மூக்கில் ஏறினால் இந்த வயதிலும் எனக்கு முதுகு சில்லிட்டுப் போகிறது. அதற்குக் காரணம் நெல் அல்ல, ஒரு புத்தகம்.

பூதலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எனக்குப் பதின்மூன்று வயதானபோது, நடவு வயலில் பாம்பு தீண்டி என் அக்கா செல்வி இறந்துபோனாள். அம்மா படுத்த படுக்கையானாள். காரியம் முடிந்ததும் சொந்தக்காரர்கள் அவரவர் வயலைப் பார்க்கப் போய்விட, நாள் தவறாமல் வந்து அவள் தலைமாட்டில் உட்கார்ந்து ஜெபம் செய்தவர்கள் பக்கத்து ஊர்ச் சபையின் பெண்கள்தான். அம்மா எழுந்து நடமாடத் தொடங்கியபோது எங்களுக்குக் கோயில் மாறியிருந்தது. அவள் ஒரு வாய் சோறு தின்றால் போதும் என்று அப்பா குறுக்கே நிற்கவில்லை. அம்மாவும் நானும் ஞானஸ்நானம் பெற்றோம்.

அன்று, புதிதாய் வந்த பிள்ளைகளுக்கென்று ஒரு மேசையில் புத்தகங்களைப் பரப்பியிருந்தார்கள். யாரோ வெளியூரிலிருந்து கட்டுக்கட்டாக அனுப்பியவை. உள்ளூரில் யாரும் அவற்றைப் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. அம்மாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. இருப்பதிலேயே பளபளப்பான சிவப்பு அட்டையாகப் பார்த்து எடுத்தாள். வீட்டுக்கு வந்ததும், சாமி படங்களை இறக்கிய பின் காலியாய்க் கிடந்த சுவர் விளக்கு மாடத்தில் அக்காவின் போட்டோவோடு அதைச் சேர்த்து வைத்து, எதிரே விளக்கேற்றி, ஒரு கிள்ளு மல்லிகையும் வைத்துவிட்டாள். சாமி மாறலாம், மாடம் சும்மா இருக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

மறுநாள் எடுத்துப் படித்தேன். அது நரகத்தைப் பற்றிய புத்தகம். விசுவாசிக்காமல் செத்தவர்கள் அத்தனை பேரும் அணையாத தீயில் கிடப்பதாகப் பக்கத்துக்குப் பக்கம் எழுதி, நடுவே படமும் போட்டிருந்தார்கள். தீக்குள் நின்று கையை உயர்த்திய ஒரு பெண்ணுக்கு அக்காவைப் போலவே இரட்டைச் சடை. அக்கா விசுவாசிக்கவில்லை. விசுவாசிக்கச் சொல்லி அவளிடம் யாரும் வந்ததும் இல்லை.

விடியற்காலையில் அம்மா நெல் அவிக்கும்போது அடுப்புக்கு உமி தள்ளுவது என் வேலை. ஒவ்வொரு பிடிக்கும் தீ குப்பென்று எழும். அதற்குள் எனக்குச் சடை தெரியத் தொடங்கியது. ஒருநாள், அக்கா என்னைக் கூப்பிடுவாளே, ‘குட்டி’ என்று, அந்தக் குரலும் கேட்டது. உமிக்கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். சோம்பேறி என்று அம்மா திட்டினாள். யாரிடம் சொல்ல? ஊமை கண்ட கனவாக எல்லாம் எனக்குள்ளேயே கிடந்தது.

ஒரு சாயங்காலம் அம்மா விளக்கேற்றிவிட்டு, புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்தாள்.

“அக்கா எங்க இருக்கான்னு இதுல போட்டிருக்கும். வாசி.”

நான் படம் அம்மா கண்ணில் படாதபடி வேறொரு பக்கத்தை விரித்துவைத்துக்கொண்டு வாசித்தேன். புதுத்தண்ணீர் வந்த ஆறு ஒன்று இருக்கிறது, கரையெல்லாம் புங்கமரம், அங்கே புல்லுக்குள் எதுவும் ஒளிந்திருக்காது, காலம் வருமுன்னே போன பிள்ளைகளை ஆண்டவரே எதிர்கொண்டு வந்து தூக்கிக்கொள்வார். அப்படி ஒரு வரிகூட அதில் கிடையாது. பொய் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.

அதன்பின் அது தினசரி வழக்கமாகிவிட்டது. என் வாய் ஒன்றை வாசிக்கும், கண் வேறொன்றை வாசிக்கும். அம்மா தேறிக்கொண்டே வந்தாள். நான் இளைத்துக்கொண்டே போனேன்.

போதகரின் மனைவியை எங்கள் பக்கத்தில் ‘ஐயரம்மா’ என்போம். அவர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். அம்மா பெருமையாகப் புத்தகத்தை எடுத்து நீட்டி, ஆற்றங்கரைப் பக்கத்தை வாசிக்கச் சொன்னாள். ஐயரம்மா புரட்டினார். படம் வந்ததும் விரல் நின்றது. மாடத்திலிருந்த போட்டோவைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“பெரியவ பேரு என்ன?” என்று கேட்டார்.

“செல்விங்க” என்றாள் அம்மா. சபையில் அதுவரை யாரும் அந்தப் பெயரைக் கேட்டதில்லை.

“சின்னவளே வாசிக்கட்டும். நானும் கேக்குறேன்.”

புத்தகம் என் கைக்குத் திரும்பி வந்தது. ஆறு, புங்கமரம், புல், எல்லாவற்றையும் வாசித்து முடித்தேன். ஐயரம்மா கண்ணை மூடி, “ஆமென்” என்றார். போகும்போது, வேறு நல்ல புத்தகம் கொண்டுவந்து தருவதாகச் சொல்லி அதைக் கையோடு எடுத்துப் போய்விட்டார். அந்த ஆமென் சத்தியத்துக்கா, இரக்கத்துக்கா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், இப்போது அவரும் இல்லை.

சடை மட்டும் போகவில்லை. அம்மா தன் கடைசி நாட்களில் ஆற்றங்கரைப் பக்கத்தை வாசிக்கச் சொன்னபோது, வெறுங்கையை விரித்து வைத்துக்கொண்டு வாசித்தேன். அப்போதும் என் கண் தீயைத்தான் பார்த்தது.

இப்போது யாரும் வீட்டில் நெல் அவிப்பதில்லை. புதுச் சுவர்களில் மாடமும் வைப்பதில்லை. சிவப்புப் புத்தகம் மட்டும் அட்டை மாறி இன்னும் வந்துகொண்டிருக்கிறது. தஞ்சாவூரில் எங்கள் சபைக்குப் புதிதாய் வரும் பிள்ளைகளுக்குப் புத்தகம் தேர்ந்தெடுப்பது இன்று என் பொறுப்பு. பார்சலைப் பிரித்ததும் ஒவ்வொன்றையும் முழுதாகப் படிக்கிறேன். வீட்டில் சாவு விழுந்த பிள்ளை இதைத் தனியே படித்தால் என்ன ஆகும் என்பது ஒன்றுதான் என் அளவுகோல். பாதிக்கு மேல் திருப்பி அனுப்பிவிடுவேன். சல்லடை போட்டு ரொம்பத்தான் சலிக்கிறேன் என்று கமிட்டியில் கேலி செய்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை, தகப்பனை இழந்து தாயோடு புதிதாய் வந்திருந்த ஒரு பெண், மேசையில் ஒவ்வொரு புத்தகமாக எடுத்து வேகவேகமாகப் புரட்டி வைத்துக்கொண்டிருந்தாள். அது வாசிப்பல்ல, தேடல். அவள் தேடும் பக்கம் எதுவென்று எனக்குத் தெரியும். நான் சலித்தெடுத்த அத்தனையிலும் அது இல்லை என்பதும் தெரியும்.

நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அப்பா பேரு என்னம்மா?” என்று கேட்டேன்.